நிறுத்தி வெச்ச கார்ல எலி பூந்துருச்சா? மருந்து மட்டும் வெச்சுடாதீங்க

ஊருக்கு போயிட்டு மூணு வாரம் கழிச்சு வந்து கார எடுக்குறீங்க, ஏசி போட்டதும் குப்புனு மூத்திர நாத்தம், கால் மேட்ல கருப்பா அரிசி சைஸ்ல புழுக்கை. உடனே இன்ஜின ஆஃப் பண்ணிருங்க. எலிக்கு முன்பல்லு சாகுற வரைக்கும் வளந்துட்டே இருக்கும், அதனால எதையாச்சும் கடிச்சுட்டே இருக்கும், கடிபட்ட வயர் ஷார்ட் ஆனா தீயே பிடிக்கலாம்.

பானட்ட தெறந்து டார்ச் அடிச்சு பேட்டரி ஓரம், ஃபியூஸ் பாக்ஸ், ஏர் ஃபில்டர் டப்பா எல்லாம் பாருங்க. அப்புறம் கேபின் ஃபில்டர், நெறைய கார்ல க்ளவ் பாக்ஸுக்கு பின்னாடிதான் இருக்கும். எங்க கார்ல அத உருவுனா டிஷ்யூ பேப்பர், பானட் பஞ்சு, பாப்பா தின்னுட்டு போட்ட கடலமிட்டாய் கவர், எல்லாத்தையும் பொடிப்பொடியா கிழிச்சு ஒரு கூடு, நடுவுல எலுமிச்சம்பழம் வைக்கிற அளவுக்கு குழி. அது வழியா வந்த காத்ததான் புள்ள சுவாசிச்சிருக்கான்னு நெனச்சப்போ பதறிப்போச்சு.

புழுக்கைய காஞ்சபடி பெருக்காதீங்க, வாக்குவமும் போடாதீங்க, தூசி மூக்குக்குள்ள போயிரும். கதவ எல்லாம் அரைமணி நேரம் தெறந்து போட்டுட்டு, க்ளவுஸ் மாஸ்க் மாட்டிக்கிட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒம்பது பங்கு தண்ணி கலந்து நனைச்சு அஞ்சு நிமிஷம் விட்டு பேப்பரால வழிச்சு எடுங்க (வயர் மேல ஊத்திறாதீங்க). எலி மூத்திரத்துல இருந்து எலிக்காய்ச்சல் வரலாம், கைல வெட்டுக்காயம் இருந்தா வேற யாரையாச்சும் செய்யச் சொல்லுங்க. ஃபில்டர் புதுசுதான் போடணும்.

இப்போ எலி மருந்து. தயவுசெஞ்சு வேணாம். அது தின்னுட்டு டேஷ்போர்டு உள்ள போய் செத்துச்சுன்னா மொத்தத்தையும் கழட்டாம எடுக்க முடியாது, வெளிய வந்து செத்தாலும் தெருப்பூனை தின்னு அதுவும் சாகலாம். கூண்டுப்பொறில சுட்ட தேங்காய் கீத்து ஒன்னு மாட்டி டயர் பக்கத்துல ராத்திரி வைங்க, அந்த வாசனைக்கு வராத எலி கம்மி. ஒன்னு மாட்டுனதும் விட்றாதீங்க, தொடர்ந்து வைங்க. புகையில, பாச்சா உருண்டை எல்லாம் நம்பி இருக்க வேணாம், வாசனை போனதும் திரும்ப வந்துரும், பாச்சா உருண்டை நெடி மூடுன கார்ல நமக்கே ஆகாது.

வயர் போயிருந்தா டேப் சுத்தி ஓட்டாதீங்க, ரிப்பேருக்கு முன்னாடியே போட்டோ எடுத்து இன்சூரன்ஸ்ல கேளுங்க, தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா கெடைக்காது.

வைப்பருக்கு கீழ காத்து போற ஓட்டைக்கு கம்பி வலை அடிக்கிறது நல்லது, சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், அதனால வலைக்கண்ணு அதவிட சின்னதா இருக்கணும். ஆனா அவசரப்பட்டு அடிச்சா எலி உள்ளயே மாட்டிக்கும். மொதல்ல டயரச் சுத்தி தரைல முகப்பவுடர் தூவி வைங்க, இன்ஜின் கவர் மேலயும் லேசா. மூணு நாள் காலைல பாத்தும் ஒரு கால்தடம் கூட இல்லன்னா அப்புறம் வலைய அடிங்க.