மசில்லோடருக்கு எந்தக் குண்டு? முதலில் புரியை அளந்துபாருங்கள்

வேட்டைக்கு மசில்லோடர், அதாவது குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி, வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்பது, "எந்தக் குண்டு நல்லது?" நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் குழலின் புரி என்ன?" குழலின் உள்ளே திருகுபோல் வெட்டிய பள்ளமான புரி எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் குண்டைத் தேட வேண்டும்.

பல துப்பாக்கிகளில் இது குழல் மேலேயே பொறித்திருக்கும். இல்லாவிட்டால் அளந்துவிடலாம். துப்பாக்கி காலி என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு, கைப்பிடிக்குள் தானாகச் சுழலும் சுத்தக்கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி அடிவரை தள்ளுங்கள். கம்பியில் ஒரு கோடு போட்டு மெல்ல இழுங்கள். அது கால் சுற்று திரும்புவதற்குள் வெளியே வந்த அங்குலத்தை நான்கால் பெருக்கினால் போதும்.

60 முதல் 72 அங்குலம் வந்தால், துணி சுற்றிய உருண்டைக் குண்டுதான். 28 அங்குலம் என்றால் நீளமான கூம்புக் குண்டு. குண்டு நீள நீள, தலைகுப்புறப் புரளாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். குறைந்த அங்குலத்தில் சுற்றும் அந்த வேகப் புரியில் உருண்டையைப் போட்டு வெடிமருந்தையும் கூட்டினால், துணி புரியைப் பற்றாமல் வழுக்கிவிடும். 48 அங்குலம் இரண்டுக்கும் நடுவே. உருண்டையும் போகும், குட்டையான கூம்புக் குண்டும் போகும்.

எனக்குப் பிடித்தது உருண்டைதான். .50 அங்குலக் குழலுக்கு .490 அங்குல உருண்டை, .015 அங்குலத் தடிமன் துணி என்று தொடங்குங்கள். உருண்டையின் எடை சுமார் 177 கிரெயின் (குண்டுகளை நிறுக்கும் சிறு எடை அளவு). காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் மானுக்கு 75 கஜத்தைத் தாண்ட நான் விடமாட்டேன். எல்க் போன்ற பெரிய விலங்குக்கு 350 கிரெயினுக்கு மேற்பட்ட கூம்புக் குண்டே சரி. தோளில் உதை பலமாக இருக்கும்.

ஈயம் கலப்பில்லாததாக இருக்கட்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். கூம்புக் குண்டு வாய்வழியே இறங்கும்போதே புரியில் பதிய வேண்டும்; கடின ஈயம் முரண்டு பிடிக்கும்.

பிளாஸ்டிக் உறைக்குள் சிறிய குண்டை வைக்கும் சேபோ வகையும் உண்டு. வேகப் புரிக்கு நன்றாகவே சுடும். ஆனால் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மசில்லோடர் பருவத்தில் அதற்கு அனுமதியில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி விதியைப் படித்துவிடுங்கள்.

சரி, இரண்டு வகை வாங்கியாயிற்று. துப்பாக்கியின் கையேடு சொல்லும் அளவுக்குள் ஒரே அளவு கருமருந்து போட்டு, ஒவ்வொரு வேட்டுக்கும் இடையே குழலைத் துடைத்து, மூன்று மூன்றாகச் சுட்டுப் பாருங்கள். நெருக்கமாக விழுவதை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் குண்டானாலும் மருந்தின் மேல் அழுந்த உட்கார வேண்டும். இடையில் வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கெட்டிக்கும் கம்பியில், குண்டு சரியாக உட்கார்ந்த மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வையுங்கள். தளர்வான கூம்புக் குண்டு, குழலைக் கீழ்நோக்கிப் பிடித்து நடந்தால் நழுவும். சந்தேகம் வந்தால் கேப்பை (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) எடுத்துவிட்டு, முகத்தையும் உடம்பையும் குழலின் வாய்க்கு நேரே வைக்காமல், அந்தக் கோட்டை மறுபடி பாருங்கள்.