சைக்காலஜிஸ்ட் தேடும்போது சறுக்கும் இடங்கள்

பல் வலி வந்தால் தெரிந்தவர்களிடம் கேட்போம். ரெண்டு பேர் நல்ல மாதிரி சொன்னால் போய் உட்கார்ந்துவிடுவோம். பிடிக்காவிட்டால் அடுத்த முறை வேறு டாக்டர். ஆனால் வாரம் ஒரு தடவை வீதம் ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஒருவர் எதிரில் உட்கார்ந்து, வீட்டில்கூடச் சொல்லாததைச் சொல்லப் போகிறோம் என்றால் அந்த வழி போதாது. நானும் முதலில் பல் டாக்டர் கணக்கில்தான் தேடினேன்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது வாசலில் மாட்டியிருக்கும் போர்டில்தான். சில வார ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டிக்கொள்கிறார். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தால் அது எம்.பி.பி.எஸ். ஆகவும் இருக்கலாம், பி.ஹெச்டி. ஆகவும் இருக்கலாம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் வேலை செய்பவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுகளுக்கான பதிவு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் இருக்கிறது. சுருக்கமாக ஆர்.சி.ஐ. என்பார்கள். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

‘கேட்டால் தப்பாக நினைப்பாரோ’ என்று தயங்குவார்கள். கேளுங்கள். முறையாகப் படித்தவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். முகம் சுளித்தால் அதுவே ஒரு பதில்தான்.

பதிவு இருந்தால் நல்லவர் என்றோ, இல்லாவிட்டால் மோசமானவர் என்றோ அர்த்தமில்லை. உளவியலில் முதுகலை முடித்து, அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்த நல்ல கவுன்சலர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் எங்கே பயிற்சி எடுத்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினையோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, சிக்கலான விஷயத்தில் யாரிடம் ஆலோசனை கேட்பீர்கள் என்று விசாரிக்கலாம்.

அடுத்தது ‘நமக்குத் தெரிஞ்சவர்தான்’ என்று போவது. மாமாவின் நண்பர், அப்பாவோடு வேலை பார்த்தவரின் மகள். ஃபீஸ் குறையலாம், ஆனால் கல்யாண வீட்டில் அவரைப் பார்க்கும்போது உங்கள் வயிறு கலங்கும். மாமாவைப் பற்றிய கோபத்தை அவரிடம் எப்படிப் பேசுவீர்கள்?

நான் முதலில் போனவர் மிகவும் அன்பாகப் பேசினார். மூன்றாவது வாரம், “போன வாரம் ஒருத்தர் வந்தாரு, பேங்க்ல வேலை, வீட்டுக்காரம்மாவுக்கும் அவருக்கும்...” என்று ஆரம்பித்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது: அடுத்த வாரம் இன்னொருவரிடம் ‘ஒருத்தர் வந்தாரு’ என்பதில் நான் இருப்பேன். அதோடு நின்றுவிட்டேன்.

ரகசியம் காப்பது அவருடைய பெருந்தன்மை அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆவது பிரிவு அதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. அதற்கு விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால், அவர் சொல்ல வேண்டிவரலாம். குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதையெல்லாம் முதல் நாளிலேயே விளக்குபவரை நம்பலாம். “எது சொன்னாலும் இந்த ரூமைத் தாண்டாது” என்று சத்தியம் செய்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

நம் வீடுகளில் இன்னொன்றும் நடக்கும். ஃபீஸ் கட்டுவது அம்மா, சாயங்காலம் போன் போட்டு “என்ன சொன்னான்?” என்று கேட்பதும் அம்மா. நீங்கள் பதினெட்டு வயது தாண்டியவர் என்றால், சைக்காலஜிஸ்ட் உங்கள் வீட்டாரிடம் என்ன பேசுவார், என்ன பேச மாட்டார் என்பதை முதல் செஷனிலேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

மொழியை யாரும் யோசிப்பதில்லை. ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுபவருக்கும் ‘நெஞ்சை அடைக்குது’, ‘ஒரு மாதிரியா இருக்கு’ என்பதெல்லாம் தமிழில்தான் வரும். அதை மொழிபெயர்த்துச் சொல்வதிலேயே பாதி செஷன் போய்விடும். ஆங்கிலத்தில் சொன்னால் அழுகை வராது என்பதற்காக ஆங்கிலம் பேசுபவர்களும் உண்டு, அது வேறு கதை.

பணத்தை ஒரு செஷனுக்குக் கணக்குப் போடாமல் ஆறு மாதத்துக்குப் போடுங்கள். தாங்காது என்றால் முதலிலேயே சொல்லிக் குறைக்கக் கேட்பதில் வெட்கமில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளும், 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. கூட்டத்தில் வாராவாரம் முக்கால் மணி நேரம் கிடைப்பது சிரமம், அதையும் தெரிந்தே போக வேண்டும். உடனே பேசியாக வேண்டிய நிலை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம். தமிழிலும் பேசலாம். அது அவசரத்துக்கு, நீண்ட காலத் தெரபிக்கு மாற்று அல்ல.

முதல் நாள் மனசு லேசானதை வைத்து ‘இவர்தான்’ என்று முடிவு செய்வதும், லேசாகவில்லை என்று ஓடிவிடுவதும் ஒரே தவறுதான். முதல் இரண்டு மூன்று செஷன்கள் பெரும்பாலும் அவர் உங்களைத் தெரிந்துகொள்வதிலேயே போகும். நான்காவதில் ‘நாம் எதை நோக்கிப் போகிறோம்?’ என்று கேட்டால் அவரிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். வெளியே காபிக்குக் கூப்பிடுவது, கடன் கேட்பது, தொடுவது, ஜாதி விசாரிப்பது, ‘சகிச்சுப் போம்மா’ என்று உபதேசம் செய்வது, இதற்கெல்லாம் நான்காவது செஷன் வரை காத்திருக்க வேண்டாம். எழுந்து வந்துவிடலாம்.

மற்றபடி, பிடிக்கவில்லை என்றால் போனை எடுக்காமல் காணாமல் போய்விடுகிறோம். நம் ஊரில் மரியாதை என்று நினைத்துச் செய்வது இது. ஒரே ஒரு செஷன் போய், “ரெண்டு வாரமா இங்கே வரவே மனசு வரலை” என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். எனக்கு இரண்டாவதாக அமைந்தவரிடம் அப்படிச் சொன்னபோது அவர் நோட்டை மூடிவைத்துவிட்டு, “நான் என்ன செஞ்சதுல இருந்து?” என்று கேட்டார். இன்னும் அவரிடம்தான் போகிறேன்.