நாய்க்குட்டியை முதல் நாளே குளிப்பாட்டாதீர்கள்: மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் மலையகத்தில் ஒரு நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தால் அதற்குக் கிடைக்கும் முதல் உபசாரம் குளியல்தான். டவுனிலிருந்து பையில் வந்த குட்டியானாலும் சரி, பக்கத்து லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) ஈன்ற நாயிடமிருந்து தூக்கி வந்ததானாலும் சரி, அழுக்கு, தெள்ளு என்று சொல்லிப் பீலிக்கரைக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடுகிறோம். பிள்ளைகளுக்கும் அது கொண்டாட்டம். மறுநாள் குட்டி சுருண்டு கிடக்கிறது. எதை வைத்தாலும் எழுந்து வருவதில்லை. தாயைத் தேடி ஏங்குகிறது என்று நாமே காரணம் சொல்லிக்கொள்கிறோம். ஏக்கமும் இருக்கலாம். ஆனால் பல வேளைகளில் அது குளிர்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனியே படிவதுண்டு. நாயின் இயல்பான உடல் வெப்பநிலையோ 38 முதல் 39.2 பாகை வரை. குட்டியின் உடலில் கொழுப்பு குறைவு, உடலின் அளவுக்குத் தோற்பரப்பு அதிகம். ஆகவே நனைந்த குட்டியின் சூடு மிக விரைவாக இறங்கிவிடும். உடல் குளிர்ந்துவிட்டால் குடலும் மந்தமாகும். அந்த நேரத்தில் வாயைத் திறந்து பாலை ஊற்றுவது நன்மையைவிடத் தீமையையே செய்யும். முதலில் துணியில் சுற்றி, மடியில் வைத்து, உடம்பைச் சூடாக்க வேண்டும். உணவு அதற்குப் பிறகு.

அழுக்கைப் போக்க வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். தெள்ளு இருந்தால் பேன் சீப்பால் வாரி, சவர்க்காரம் கரைத்த தண்ணீரில் சீப்பை முக்கி எடுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் குட்டிக்கு ஆபத்தில்லை. குட்டி நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடத் தொடங்கிய பிறகு, எட்டு வாரம் தாண்டியதும், வெயில் உள்ள நண்பகலாகப் பார்த்து வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டலாம். உடனே துவாயால் துடைத்து அடிமயிர்வரை காயவைக்க வேண்டும். மாதம் ஒருமுறை தாராளம். நாம் போடும் சவர்க்காரமும் ஷாம்பூவும் மனிதத் தோலுக்கென்று செய்யப்பட்டவை. நாயின் தோல் நம் தோலளவுக்கு அமிலத்தன்மை உடையதல்ல. அடிக்கடி போட்டால் வறண்டு அரிக்கத் தொடங்கும். அரிப்பைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை சவர்க்காரம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

படுக்கும் இடம்

குளிர்கிறதே என்று குட்டியை விறகடுப்புப் பக்கம் விட்டுவிடுவது தோட்டப்புற வழக்கம். நெருப்பு அணைந்ததும் அது சாம்பலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அடியில் கனன்றுகொண்டிருக்கும் தணலால் பாதமும் வயிறும் வெந்துபோகும். புகையை இரவெல்லாம் சுவாசிக்கும். ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் மடித்த சாக்கு, சீமெந்துத் தரையில் படாமல் அடியில் ஒரு பலகை. இவ்வளவு இருந்தால் குட்டி சமாளித்துக்கொள்ளும். மழை இரவுகளில் போத்தலில் வெந்நீர் அடைத்து, துணியைத் தடிப்பாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு கூடினால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும்.

வாசலில் சங்கிலி போட்டு இரவில் வெளியே கட்டுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். காவலுக்கு என்பார்கள். கையளவுக் குட்டி எதைக் காவல் காக்கும்? ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத் தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. லயத்து நாய்கள் அதற்கு எளிதான இரை. கட்டிப்போட்ட நாய் அதைவிட எளிது. குட்டியை உள்ளே எடுத்துக்கொண்டால் குட்டியும் பிழைக்கும், சிறுத்தைக்கு வீட்டு வாசல்வரை வரும் பழக்கமும் ஏற்படாது.

பால், தேநீர், வெறும் சோறு

உணவில் நடக்கும் தவறுகளுக்கு வேர், குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரிப்பது. கண் திறந்து நடக்கத் தொடங்கியதும், நாலு வாரத்திலேயே தூக்கி வந்துவிடுகிறோம். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்றுக்கொள்கிறது.

சீக்கிரம் வந்துவிட்ட குட்டிக்குப் பால்மாவைக் கரைத்து வைக்கிறோம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், பால்வெல்லம் குறைவு. பசுப்பால் இதற்கு நேர்மாறு. அதையும் தண்ணீராகக் கரைத்தால் சத்து இன்னும் குறையும். பால்வெல்லம் செரிக்காமல் வயிற்றோட்டம் வரும். குட்டிக்கு வயிற்றோட்டம் சின்ன விடயமல்ல. நாலு வாரத்துக்குக் குறைந்த குட்டி கையில் வந்து சேர்ந்தால், நாய்க்குட்டிகளுக்கென்றே உள்ள பால்மாவை மிருக வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். ஊட்டும்போது பிள்ளையைப் போல மல்லாக்காகப் பிடிக்கக் கூடாது. வயிறு கீழே இருக்க, தலை சற்றே நிமிர்ந்திருக்க ஊட்ட வேண்டும். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

அடுத்தது தேநீர். நாம் குடிக்கும்போது அதன் சிரட்டையிலும் கொஞ்சம் ஊற்றி ரொட்டியைப் பிய்த்துப் போடுவது பாசத்தின் அடையாளம். ஆனால் தேயிலையில் உள்ள கஃபீன் நாய்களை நம்மைவிட அதிகமாகப் பாதிக்கும். ஒன்றிரண்டு கிலோ எடையுள்ள உடம்புக்கு இன்னும் அதிகமாக. ஒரு வாய் நக்கியதால் உயிர் போகாது. தினமும் வைக்க வேண்டியதில்லை என்பதுதான் விடயம். குப்பைக் கூடையில் கொட்டிய தேயிலைச் சக்கையைக் குட்டி கிளறித் தின்றுவிட்டு, நடுங்கி, நெஞ்சு படபடக்க நின்றால் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

வெறும் சோறும் பருப்பும் வயிற்றை நிரப்பும், எலும்பை வளர்க்காது. நேர் எதிர்ப் பக்கத்தில், வெறும் இறைச்சியையும் ஈரலையும் மட்டும் போடுகிறவர்களின் குட்டிகளுக்கும் கல்சியம் போதாமல் கால் வளைந்துவிடுகிறது. கையில் வசதி இருந்தால் குட்டிகளுக்கான கடை உணவு சமநிலையானது. இல்லாவிட்டால் சோற்றோடு அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழி இறைச்சி, அவித்த கரட் அல்லது பூசணி. கல்சியத்துக்கு என்ன சேர்ப்பது என்பதை வைத்தியர் சொல்லட்டும். அல்சேஷன் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்கு "கால் உறுதியாகட்டும்" என்று கல்சியம் டொனிக்கைப் போத்தல் போத்தலாகக் கொடுப்பதும் தவறே. கல்சியம் அளவுக்கு மீறினாலும் எலும்பு வளர்ச்சி கோணிப்போகும்.

நம் கறியில் மிளகாயைவிட வெங்காயமும் பூண்டும்தான் ஆபத்து. அவை நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்லேட், திராட்சை, முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) மூன்றும் கிட்டவே வேண்டாம். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு. கொழுந்து பறிக்கப் போகிற வீட்டில் நான்கு வேளை எப்படி என்று கேட்கலாம்: காலை புறப்படுமுன், பகல் சாப்பாட்டுக்கு வரும்போது, மாலை, படுக்குமுன்.

புழு

வயிறு உப்பிய குட்டியைப் பார்த்து "நல்ல கொழுகொழு" என்று மகிழ்வதை இனி விட்டுவிடுவோம். விலா எலும்பு தெரிய, வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் அது புழு. குட்டி இன்னும் மண்ணில் கால் வைக்கவில்லையே, புழு எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். வட்டப்புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடுகிறது. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுத்து, மூன்று மாதம் முடிந்ததும் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை தொடர வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நமக்கு வாங்கிய பூச்சி மாத்திரையில் பாதியை உடைத்துப் போடுவது மருத்துவம் ஆகாது.

கொக்கிப்புழு இரத்தம் குடிப்பது. மிகச் சிறிய குட்டிகள் இரத்தம் வற்றியே இறந்துவிடும். ஈறு வெளிறியிருந்தால் தாமதிக்கக் கூடாது. இந்த இனங்களில் ஒன்றான அன்சைலோஸ்டோமா சிலானிகம் 1911இல் இலங்கையிலிருந்து கிடைத்த மரநாயின் குடலில் முதன்முதலாக அடையாளங் காணப்பட்டது. அது நாயோடு நிற்பதில்லை. மனிதரின் குடலிலும் குடியேறும். செருப்பில்லாமல் பிள்ளைகள் ஓடியாடும் லய வாசலில் குட்டியின் மலத்தை அப்படியே விட்டுவிட்டால், ஈரமும் நிழலும் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும். அள்ளிக் குழியில் புதைத்துவிடுங்கள்.

"ஊசி போட்டாயிற்று"

இந்த வார்த்தையை நம்பி இறக்கும் குட்டிகள் ஏராளம். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுவது விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி. அது அவசியம், பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்தால் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். ஆனால் குட்டிகளைக் கொல்லும் வைரஸ் நோய்களான பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அந்த ஊசி எதுவும் செய்யாது. அவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி தனி. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும். பணம் பறிக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி, முதலில் போடும் ஊசியைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அது எந்த வாரத்தில் வடிந்துபோகும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அந்த இடைவெளி பிடிபடாததால்தான் பல முறை.

தொடர் முடியும்வரை ஊர் நாய்கள் திரியும் சந்தியிலும் பஸ் நிலையத்திலும் குட்டியைத் தரையில் விட வேண்டாம். அதற்காக அறைக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஓட்டோ சத்தம், குடை, மழைக்கோட்டுப் போட்ட ஆட்கள் எல்லாவற்றையும் காட்டுங்கள். மூன்று நான்கு மாதத்துக்குள் பார்த்துப் பழகாதவற்றுக்குப் பின்னாளில் பயந்து குரைக்கும்.

குட்டி கடித்தாலோ நகம் பட்டுக் கீறினாலோ "குட்டிதானே" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவது மிக மோசமான தவறு. தடுப்பூசி போடாத குட்டியிடமும் விசர் நோய் இருக்கலாம். அறிகுறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்ற வழி கிடையாது என்றே சொல்லலாம். ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரச மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டு மருந்துகள்

சொறிக்குக் கராஜிலிருந்து கழிவு ஒயில், உண்ணிக்கு மண்ணெண்ணெய், இரண்டுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய கிருமிநாசினி. குட்டி நக்கும், தோலும் உறிஞ்சும். வாயில் நுரை தள்ளி வலிப்பு வரும்போது உண்ணி செத்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதும் அப்படித்தான். நம் வலி மாத்திரைகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். உண்ணி மருந்துகள் குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்பத் தனித்தனியாக இருக்கின்றன.

அட்டை கடித்தால் பதற வேண்டாம், நகத்தால் நகர்த்தி விலக்கினால் போதும். ஓடைத் தண்ணீர் குடித்த குட்டி இடைவிடாது தும்மி, ஒரு நாசியில் மட்டும் இரத்தம் வடிந்தால் உள்ளே அட்டை ஏறியிருக்கலாம். மூக்குக்குள் உப்பைப் போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மழையில் நனைந்த காதைத் துடைத்து விடுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். நகத்தின் வெள்ளை நுனியை மட்டும் வெட்டுங்கள். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைகிறதா என்று வாரந்தோறும் பாருங்கள். குட்டி வளரும், பட்டி வளராது.

சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, துர்நாற்றத்தோடு இரத்தம் கலந்து கழிந்தால் பார்வோவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருந்தால் உடம்பிலுள்ள நீரெல்லாம் வற்றிவிடும். துணியில் சுற்றி, ஊசி அட்டையையும் எடுத்துக்கொண்டு கிட்டிய மிருக வைத்தியரிடமோ, கண்டிப் பக்கமானால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனைக்கோ போங்கள். குட்டி கிடந்த சாக்கை எரித்து, தரையைக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். ஈர மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஆகவே அதே வாசலுக்கு அடுத்த குட்டியை, ஊசித் தொடர் முடியாமல் கொண்டுவராதீர்கள்.