குழந்தைகளோடு வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது எப்படி? ஒரு செருப்புப் பெட்டியும் ஒரு கை கேழ்வரகும் போதும்

குடில் வேலையைத் தொடங்க வேண்டிய நாள் டிசம்பர் 12. பொம்மை காய நாலைந்து நாள் ஆகும், கேழ்வரகு முளைத்துப் பச்சை பிடிக்க எட்டொன்பது நாள் ஆகும், கூரைப் பசை இறுக ஓர் இரவு வேண்டும். 23-ஆம் தேதி பெட்டியை எடுத்து வைத்து உட்கார்ந்தால், ஈரப் பொம்மையும் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் புல்லும்தான் மிஞ்சும். அதனால் இங்கே எது மெதுவாக ஆகுமோ அதை முதலில் சொல்கிறோம். அழகுக்கு முக்கியமானது எது என்று பார்த்து வரிசைப்படுத்தவில்லை.

வேலையையும் வயது பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் என்றால் மாவு பிசைவது, காகிதம் கசக்குவது, புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பது. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் பொம்மை உருட்டுவார்கள், வண்ணம் தீட்டுவார்கள், கூரை வேய்வார்கள். அளவெடுப்பதையும் கோடு கீறுவதையும் ஒன்பது வயதுக்கு மேல் விட்டுவிடலாம். கட்டர், சூடான பசைத் துப்பாக்கி இரண்டும் பெரியவர்கள் கையில் மட்டும்.

முதலில் பொம்மைகள் (12-ஆம் தேதி)

சுலபமான மாவு இது: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப். மாவையும் உப்பையும் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக எட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள். கல் உப்பு வேண்டாம். அது கரையாமல் நின்று, பொம்மையின் முகமெல்லாம் சொரசொரப்பாகிவிடும். தண்ணீர் அதிகமானால் நிறுத்திவைத்த பொம்மை ஒரு மணி நேரத்தில் தொப்பை விழுந்து உட்கார்ந்துவிடும்.

இந்த மாவுக்கு ஒரு பெரிய குறை உண்டு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற கடலோர ஊர்களில், வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும் டிசம்பரில், இது வெறும் காற்றில் காய்வது கஷ்டம். வீட்டில் ஓவன் இருந்தால் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து உலர்த்துங்கள். சூட்டை ஏற்றி அவசரப்படுத்தினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மேல்தோல் உப்பி வெடிக்கும்.

ஓவன் இல்லாவிட்டால் வேறு மாவு: கார்ன்ஃப்ளார் 1 கப், சமையல் சோடா 2 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் வெறும் பால் மாதிரி இருக்கும், பிறகு சட்டென்று இறுகும். கரண்டியோடு உருண்டு வரத் தொடங்கியதும் இறக்கி, ஈரத்துணி போட்டு மூடி, ஆறியபின் பிசையுங்கள். அரை நிமிடம் அதிகம் கிளறினாலும் மாவு உதிரும், காயும்போது விரிசல் விடும். சோடாவுக்குச் செலவு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இது வெள்ளை வெளேரென்று காயும், ஈரமும் அவ்வளவாக இழுக்காது. மழைக்கால ஊர்களுக்கு இதையே பரிந்துரைப்போம்.

இரண்டு மாவுமே வாயில் வைக்கும் பொருள் இல்லை. உப்பு மாவை நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து. காயப் போடும்போது எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கை கால் வைத்து மனித உருவம் செய்ய முயன்றால் குழந்தைகள் சலித்துப்போவார்கள். கூம்பு போதும். அலுமினியத் தாளையோ செய்தித்தாளையோ 5 செ.மீ. உயரக் கூம்பாக இறுக்கிக் கசக்கி, அதன்மேல் அரை செ.மீ. கனத்துக்கு மாவைப் போர்த்துங்கள். உள்ளே இந்தக் கூடு இல்லாமல் முழுக்க மாவாலேயே செய்தால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். விரிசல் விழுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். தலைக்குக் கோலிக்குண்டு அளவு உருண்டை. ஈர்க்குச்சியில் பாதி கூம்புக்குள், பாதி தலைக்குள் போகும்படி செருகி, சேரும் இடத்தை முள்கரண்டியால் கீறி, ஈரம் தடவி அழுத்துங்கள். வெறுமனே ஒட்டிய தலை, காய்ந்ததும் கழன்றுவிடும்.

1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை ஆகியவைதான் இருந்தன. சிறு பிள்ளைகளோடு செய்பவர்களுக்கு அது நல்ல அளவுகோல். தீவனத்தொட்டி, குழந்தை இயேசு, மரியாள், சூசை (யோசேப்பு), மாடு, கழுதை, இரண்டு ஆடுகள். இவை முடிந்தபின் ஆர்வம் மிச்சமிருந்தால் இடையர்களும் மூன்று ஞானிகளும். விலங்குகளை எல்லாம் படுத்திருப்பதாகவே செய்யுங்கள். நிற்கும் கால்கள் கட்டாயம் உடையும். ஒட்டகம் கேட்டு அடம்பிடித்தால் அதையும் மண்டியிடவைத்துவிடலாம். ஆட்டுக்கு மாவு உருண்டைமேல் பசை தடவிப் பஞ்சு ஒட்டினால் முடிந்தது. மரியாளும் சூசையும் 7 செ.மீ. இருந்தால் மாடு 5, ஆடு 3, குழந்தை 2 செ.மீ. என்று முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் மாட்டைவிடப் பெரிய ஆடு ஒன்று நிச்சயம் வரும். (அது வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.)

தினம் ஒருமுறை புரட்டிப் போட்டு நாலைந்து நாள் காயவிடுங்கள். அடிப்பாகத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அந்த நிலையில் வண்ணம் அடித்தால் இரண்டு நாளில் செதில் செதிலாக உரியும். முழுக்கக் காய்ந்தபின் போஸ்டர் கலர் பூசி, அதன்மேல் நிறமற்ற வார்னிஷ் இரண்டு பூச்சு. வார்னிஷ் வேலை மொட்டைமாடியில், பெரியவர்களுக்கு மட்டும்.

புல் (14 இரவு முதல்)

முளைப்பாரி போட்டுப் பழக்கமுள்ள வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: 14-ஆம் தேதி இரவு கேழ்வரகை ஊறவையுங்கள். மறுநாள் காலை வடித்து ஈரத்துணியில் கட்டிவைத்து, 16-ஆம் தேதி காலை விதையுங்கள்.

ஏன் கேழ்வரகு? கோதுமை எட்டு நாளில் நாலைந்து அங்குலம் எழும்பிவிடும். 7 செ.மீ. மரியாள் அதற்குள் காணாமல் போய்விடுவார். நெல் முளைக்கவே தாமதமாகும். கேழ்வரகு மெல்லிசாக, குட்டையாக, பாய் விரித்த மாதிரி வரும். கடுகும் நன்றாக இருக்கும், ஆனால் அது புல்லாகத் தெரியாது, ஈரிலைச் செடியாகத்தான் தெரியும். தோட்ட ஓரத்துக்கு அதை வைக்கலாம்.

மளிகைக் கடைக் கேழ்வரகே போதும், பழைய சரக்காக மட்டும் இருக்கக் கூடாது. 12-ஆம் தேதியே இருபது மணியை எண்ணி ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் பதினைந்துக்கு மேல் முளை விட்டால் சரி. விவசாய இடுபொருள் கடையில் சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய விதையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது பூஞ்சாண மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை, குழந்தைகள் தொடக் கூடாதது.

20-க்கு 15 செ.மீ. தட்டு ஒன்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி விதை. தட்டின் அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூளை ஓர் அங்குலம் நிரப்பி, விதைமேல் விதை ஏறாமல் ஒரே படலமாகத் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். மேலே மண் போட வேண்டாம். இரண்டு நாள் செய்தித்தாளால் மூடி இருட்டில் வைத்தால் தண்டு நீளும். பிறகு ஜன்னலோர வெளிச்சத்துக்கு மாற்றினால் மஞ்சள் முளை ஒரே நாளில் பச்சை பிடிக்கும். குழந்தைகள் கண்ணெதிரே நடக்கும் இந்த மாற்றம்தான் குடில் வேலையிலேயே அவர்களுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி.

தண்ணீரைத் தெளிப்பானால் காலையும் மாலையும் தெளியுங்கள். குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, நடுவில் வழுக்கை விழும். மூன்றாம் நாள் வேரடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அவை வேர்த்தூவிகள். தண்ணீர் தெளித்ததும் மறைந்துவிடும். தெளித்த பிறகும் சிலந்தி வலைபோல் படர்ந்து நின்று, வாடையும் அடித்தால் மட்டுமே பூஞ்சை. அந்த இடத்தைக் கரண்டியால் வாரி எறிந்துவிட்டுக் காற்றோட்டத்தில் வையுங்கள். ஒன்றுக்கு மூன்று தட்டாகப் போட்டுவைத்தால் கவலையே இல்லை.

குடிசை (18 முதல் 20 வரை)

30 × 18 × 11 செ.மீ. அளவுள்ள செருப்புப் பெட்டியை மூடி இல்லாமல் நீளவாக்கில் நிறுத்துங்கள், திறந்த பக்கம் முன்னால் இருக்கட்டும். இதுதான் அறை. கூரைக்குப் பெரிய அட்டைப்பெட்டியிலிருந்து 44 × 15 செ.மீ. துண்டு ஒன்று வெட்டி, சரியாக 22-இல் மடிக்க வேண்டும். அட்டைக்குள் வரிவரியாக ஓடும் குழல்கள் அந்த 15 செ.மீ. பக்கத்துக்கு இணையாக இருக்கும்படி பார்த்து வெட்டுங்கள். குழலுக்குக் குறுக்கே மடித்தால் அட்டை நேராக மடியாமல் நொறுங்கும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்து, அந்தக் கோட்டில் மடித்தால் முகடு கூர்மையாக வரும்.

கூரையைத் தாங்க இரண்டு முக்கோணங்கள்: அடி 30 செ.மீ., உயரம் 12 செ.மீ., அடியில் ஒட்டுவதற்கு 2 செ.மீ. மடிப்பு. ஒன்றைப் பெட்டியின் பின்விளிம்பிலும் இன்னொன்றை முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. உள்ளேயும் ஃபெவிகால் வைத்து ஒட்டி, துணிக்கிளிப் போட்டு அரைமணி நேரம் விடுங்கள். அதன்மேல் கூரை உட்கார்ந்தால் இருபக்கமும் 2 செ.மீ. இறவாரம் நீட்டிக்கொண்டிருக்கும்.

வைக்கோலை ஒரு நாள் வெயிலில் போட்டு உதறுங்கள், பூச்சியும் தூசியும் போய்விடும். நகரத்தில் வைக்கோல் கிடைக்காவிட்டால் பழைய பூந்துடைப்பத்தைப் பிரித்துக்கொள்ளலாம். 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, நிஜக் கூரை வேய்வதுபோலவே கீழிருந்து மேலே போக வேண்டும். முதலில் இறவார வரிசை, அதன் பாதியை மறைத்து அடுத்தது, கடைசியில் முகடு. குழந்தைகள் முகட்டிலிருந்துதான் தொடங்குவார்கள். அப்படி ஒட்டினால் ஒவ்வொரு வரிசையின் பசையும் வெட்டு முனையும் வெளியே தெரியும். ஓர் இரவு காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதைக் கத்தரியால் நறுக்குங்கள்.

மலையும் நட்சத்திரமும்

மலைக்கு, புத்தகத்துக்கு அட்டை போடும் காக்கித்தாள். நன்றாகக் கசக்கி விரித்து, மறுபடி கசக்கி, நாலு தடவை செய்யுங்கள். கறுப்பு, பச்சை, கொஞ்சம் வெள்ளை. தூரிகையில் நிறம் இருந்தும் ஈரம் இல்லாத நிலையில், மடிப்பு முகடுகளில் மட்டும் தேய்த்தால் பாறை தானாக வந்துவிடும். தண்ணீரான நிறம் காகிதத்தை ஊறவைத்துச் சுருக்கங்களைத் தட்டையாக்கிவிடும். ஒட்ட மைதாப் பசை காய்ச்சினால் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு ஆகாது, அது விஷம்.

நட்சத்திரத்துக்குக் கெட்டியான மஞ்சள் சார்ட் அட்டை. காம்பஸால் 6 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டமும் அதே மையத்தில் 2.3 செ.மீ. ஆரத்தில் இன்னொன்றும். வெளி வட்டத்தில் 72 டிகிரிக்கு ஒரு புள்ளி, உள் வட்டத்தில் அவற்றுக்கு நடுவே 36 டிகிரி தள்ளி ஒரு புள்ளி. மாற்றி மாற்றி இணைத்தால் ஐந்து முனை நட்சத்திரம். முனையிலிருந்து மையத்துக்குப் போகும் ஐந்து கோடுகளை மேடாகவும், பள்ளத்திலிருந்து மையத்துக்குப் போகும் ஐந்தைக் குழியாகவும் மடியுங்கள். இரண்டு செய்து, முனைகளை மட்டும் ஒட்டினால் நடுவே விளக்கு வைக்க இடம் கிடைக்கும்.

விளக்கு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வைக்கோல், காகிதம், தினமும் தெளிக்கும் தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. மெழுகுவத்தி கூடாது. பிளக்கில் நேரடியாகச் செருகும் 230 வோல்ட் சீரியல் செட்டும் கூடாது. பென்சில் செல் போடும் எல்.இ.டி. சரம் போதும். திருகாணி போட்டு மூடும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். பொத்தான் செல் போடும் குட்டி விளக்குகளைச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்த்துவிடுங்கள். அந்த செல்லை விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

அடுக்குவது (23, 24)

60 × 45 செ.மீ. பலகைமேல் பிளாஸ்டிக் தாள். குடிசை நட்ட நடுவில் வேண்டாம், பின்னால், சற்று ஒருபக்கம் தள்ளி. செய்தித்தாள் உருண்டைகளைச் சுற்றிலும் குவித்து, அவற்றின்மேல் மலைத்தாளைப் போர்த்தி ஒட்டுங்கள். முன்பக்கம் புல் தட்டுகள், தட்டின் விளிம்பை மறைக்க மணலோ மரத்தூளோ. குடிசைக்கு வரும் பாதை 6 செ.மீ. அகலமாவது இருக்கட்டும், பொம்மைகள் நிற்க இடம் வேண்டும். குளத்துக்குக் கண்ணாடி வைத்தால் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

குழந்தை இயேசுவைத் தனியே எடுத்துவையுங்கள். பல வீடுகளில் 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் தொட்டியில் வைப்பார்கள், வீட்டின் கடைசிப் பிள்ளை கையால். ஞானிகளை முதல் நாளே குடிசைக்குள் நிறுத்திவிடாமல் அறையின் மறுகோடியில் வைத்து, தினமும் ஒரு சாண் நகர்த்தினால் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று வந்து சேர்வார்கள். விடுமுறை முழுக்கப் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும்.

24-க்குப் பிறகு புல் சாயத் தொடங்கினால் கத்தரியால் மேல்நுனியை ஒருமுறை வெட்டிவிடுங்கள், இன்னும் ஒரு வாரம் நிற்கும். 6-ஆம் தேதி பிரிக்கும்போது வைக்கோலும் புல்லும் உரக்குழிக்கு. பொம்மைகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். உப்பு மாவுப் பொம்மைகளை நடுவில் ஜூலை வாக்கில் ஒருமுறை திறந்து வெயில் காட்டினால், அடுத்த டிசம்பருக்குத் தலை மட்டும் ஒட்டினால் போதும் என்ற நிலையிலாவது இருக்கும்.