முதல் நாள் எத்தனை கிலோ மாட்டலாம்?

ஜிம்மில் புதிதாகச் சேருகிறவர்களில் நிறையப் பேர் பக்கத்தில் தூக்குகிறவரைப் பார்த்துத்தான் பிளேட் மாட்டுகிறார்கள், மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிறார்கள், அடுத்த வாரம் ஆளையே காணோம். மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இளவட்டங்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல்லுக்கு ஒரே எடைதான், தூக்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிளேட் மாட்டும் இரும்பு ராடில் அப்படியில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். அந்த வசதியை ஏன் விடவேண்டும்?

முதலில் ராடின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிக்கான ஒலிம்பிக் ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. நம் ஏரியா ஜிம்களில் கிடக்கும் குட்டை ராடு அதைவிட லேசாக இருக்கலாம். மாஸ்டருக்கும் தெரியவில்லையென்றால், அதைக் கையில் பிடித்தபடி எடை மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள்.

சரி, ஸ்குவாட் (ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), ஷோல்டர் பிரஸ் (தோளிலிருந்து தலைக்கு மேலே தள்ளுவது) மூன்றையும் வெறும் ராடில் ஐந்து ரெப்ஸ், அதாவது ஐந்து தடவை, செய்து பாருங்கள். சுலபமாக வந்தால் பக்கத்துக்கு இரண்டரை கிலோ மாட்டி மறுபடி ஐந்து. இப்படியே ஏற்றிக்கொண்டு போகும்போது எந்த எடையில் வேகம் குறைகிறதோ, முதுகு வளைகிறதோ, அதற்கு முந்தைய எடைதான் உங்கள் ஆரம்பம். வெறும் ராடே கனமென்றால் டம்பெல்ஸ் எடுங்கள், ஸ்குவாட்டுக்குப் பதில் கொஞ்ச நாள் பஸ்கி போடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்டில் மட்டும் ஒரு சிக்கல்: பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர், சின்ன இரும்புப் பிளேட் மாட்டினால் ராடு அதைவிடத் தாழ்ந்து தரையோடு கிடக்கும், எடுக்கும்போது முதுகு வளையும். அடியில் கட்டையோ பிளேட்டோ வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள்.

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. ஐந்து ரெப்ஸ் வீதம் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்காருங்கள். எல்லாம் ஒழுங்காக முடிந்தால் அடுத்த முறை மொத்தம் 2.5 கிலோ (பக்கத்துக்கு ஒன்றேகால்) கூட்டலாம், டெட்லிஃப்டுக்கு ஆரம்பத்தில் 5. இது அற்பமாகத் தெரியும். ஆனால் வாரத்துக்கு 7.5, நான்கு வாரத்தில் 30 கிலோ என்று கணக்குப் போட்டால் லேசாகத் தொடங்கியவருக்கு அவசரமே இல்லை என்பது புரியும். உங்கள் ஜிம்மில் ஒன்றேகால் கிலோ பிளேட் இல்லையா? அப்படியென்றால் அதே எடையில் எட்டு ரெப்ஸ் வரும்வரை இருந்துவிட்டு அப்புறம் 5 கிலோவாக ஏற்றுங்கள். ஷோல்டர் பிரஸ்ஸில் எடை ஏறுவது மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றுபோகும், அது வழக்கம்தான்.

ஒரே எடை தொடர்ந்து மூன்று முறை முடியவில்லையென்றால் பத்து சதவீதம் குறைத்து மறுபடி ஏறுங்கள். 60 என்றால் 54, கையில் இருக்கும் பிளேட்டுக்கு ஏற்ப 55. அதற்கு முன் தூக்கமும் சாப்பாடும் சரியாக இருந்ததா என்று பாருங்கள், மே மாதம் மொட்டைமாடித் தகர ஷெட்டில் மத்தியானம் போய்விட்டு எடை நகரவில்லை என்று ராடைத் திட்டக்கூடாது, காலையில் போங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரம் லீவு போட்டாலும் இதே பத்து சதவீதக் கணக்குதான்.

ரத்த அழுத்தம், குடலிறக்கம், பழைய முதுகுவலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தசைவலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். மூட்டில் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.