எலக்ட்ரிக் ஸ்மோக்கர்: வாங்கும்போதும் சமைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வீட்டின் பின்புறத்தில் பார்பெக்யூ செய்யத் தொடங்குகிறவர்களில் பலர், மின்சாரச் சூட்டில் இறைச்சியை மெல்ல வேகவைத்து மரப்புகையின் மணம் ஏற்றும் பெட்டியான எலக்ட்ரிக் ஸ்மோக்கரில்தான் தொடங்குகிறார்கள். அடியில் ஒரு ஹீட்டர் கம்பி, அதன்மேல் மரச்சீவல் போடும் சிறு தட்டு, தண்ணீர்த் தட்டு, அடுக்கடுக்காகக் கம்பித் தட்டுகள், மேலே புகை வெளியேறும் துவாரம் என்று அதன் அமைப்பு மிக எளிமையானது. டெக்சஸின் லாக்ஹார்ட் போன்ற ஊர்களில் எரியும் ஓக் விறகே இறைச்சியை வேகவைத்து மணத்தையும் ஏற்றுகிறது. இந்தப் பெட்டியிலோ வேகவைப்பது மின்சாரம், மரச்சீவல் மணத்துக்கு மட்டுமே. இந்த வேறுபாட்டை மறந்து, விறகடுப்பில் செய்வதையெல்லாம் இதிலும் செய்ய முற்படுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

வாங்கும்போது பலரும் பார்ப்பது விலையையும் செல்போன் செயலி வசதியையும்தான். பார்க்க வேண்டியது உள் அகலத்தை. 30 அங்குல உயரமுள்ள சிறிய மாடல்களில் முழு ஸ்பேர் ரிப்ஸ் (பன்றி விலா எலும்பு இறைச்சி) துண்டு தட்டில் அடங்காது, இரண்டாக வெட்டித்தான் வைக்க வேண்டும். 12 பவுண்டுக்கு மேற்பட்ட முழு பிரிஸ்கெட்டும் (மாட்டின் மார்புப் பகுதி இறைச்சி) மடங்கிச் சுவரில் உரசும். மிக மலிவான சில மாடல்களில் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருப்பதில்லை என்பதால், அவற்றில் சூட்டை நிலையாக வைத்திருப்பது கடினம். சுவர்களுக்குள் வெப்பக்காப்பு இருக்கிறதா, கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து மரச்சீவலைப் போட முடியுமா என்ற இரண்டையும் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. குளிர் மிகுந்த மாநிலங்களில் வெப்பக்காப்பு இல்லாத பெட்டியால் காற்றடிக்கும் நாளில் தேவையான சூட்டை எட்டவே முடியாது. ஊருக்குத் திரும்பும்போது இதையும் கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 120 வோல்ட்டில் 800 வாட் இழுக்கும் ஹீட்டரை நம் ஊரின் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால், அது ஏறத்தாழ 2,900 வாட் இழுத்துக் கருகிப்போகும்.

புதுப் பெட்டியில் முதல் நாளே இறைச்சியை வைக்கக் கூடாது. உற்பத்தியின்போது படிந்த எண்ணெயும் தூசியும் எரிந்து போகும்படி, வெறும் பெட்டியை அதன் உச்சச் சூட்டில் சுமார் மூன்று மணி நேரம் ஓடவிட்டு, கடைசி முக்கால் மணி நேரத்தில் மட்டும் மரச்சீவல் போட்டுப் புகையவிட வேண்டும்.

மின்சாரத்தில் ஓடுகிறதே என்று காரேஜுக்குள்ளோ மூடிய வராந்தாவிலோ வைப்பது உயிருக்கே ஆபத்தான தவறு. ஹீட்டர் மின்சாரத்தில் ஓடினாலும் உள்ளே கனல்வது மரம். அதிலிருந்து வாசனையும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வெளிவருகிறது. காரேஜ் கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் சரியல்ல. திறந்த வெளியில், சுவரிலிருந்து தள்ளி, மழை படாத இடத்தில், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பிளக் பாயிண்ட்டில் நேரடியாகச் செருக வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் பல மணி நேரம் தொடர்ந்து சூடாகி உருகக்கூடும்.

அடுத்தது புகை. புகை அதிகமானால் சுவையும் அதிகமாகும் என்ற நம்பிக்கை கெடுத்த இறைச்சிக்குக் கணக்கில்லை. மேல் துவாரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இலேசான நீல நிறத்தில் புகை எழுந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஈர விறகு வைத்த அடுப்பைப் போல வெள்ளைப் புகை குமுறிக்கொண்டு வந்தால் மரம் சரியாக எரியவில்லை, இறைச்சியின் மேல் கிரியோசோட் என்ற தார் போன்ற பொருள் படிகிறது என்று பொருள். அந்தப் படிவு நாக்கில் கசப்பாகத் தங்கி, சற்று மரத்துப்போன உணர்வைத் தரும். எந்த மசாலாவாலும் அதை மறைக்க முடியாது. இதற்கு மேல் துவாரத்தை மூடி வைப்பது ஒரு காரணம், மரச்சீவலை அள்ளிக் கொட்டுவது இன்னொரு காரணம். துவாரத்தை முழுதாகத் திறந்து வைத்து, ஒரு கைப்பிடி சீவலைப் போட்டு, அது புகைந்து முடிந்த பிறகே அடுத்த கைப்பிடியைப் போட வேண்டும். முதல் மூன்று மணி நேரப் புகையே பெரும்பாலான இறைச்சிக்குப் போதும்; அதன்பின் பெட்டி புகையில்லாமல் வெறும் ஓவனாக ஓடினாலும் குறைவில்லை. சீவலைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம், ஏனெனில் அந்த ஈரம் ஆவியாகி முடியும்வரை நல்ல புகை வராது. கோழிக்கும் பன்றி இறைச்சிக்கும் ஆப்பிள், செர்ரி போன்ற மென்மையான புகை தரும் மரங்களும், மாட்டிறைச்சிக்கு ஓக், ஹிக்கரியும் பொருந்தும். மெஸ்கீட் மரம் மிகக் காரமான புகை தருவதால் அளவு குறைவாக இருக்க வேண்டும். பிசின் மிகுந்த பைன் மரத்தையும், வண்ணமோ ரசாயனமோ ஏறிய கட்டுமான மரத்தையும் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

பொறுமையைச் சோதிக்கும் கட்டம் சூட்டில்தான் வருகிறது. பெட்டியை 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (107 செல்சியஸ்) வைத்துப் பிரிஸ்கெட்டை உள்ளே தள்ளியதும், அதன் உள்சூடு சில மணி நேரம் ஒழுங்காக ஏறும். 150 முதல் 170 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும். இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் உள்ளே வரும் வெப்பத்துக்கு ஈடாகக் குளிர்விப்பதால் இது நிகழ்கிறது, பெட்டி பழுதாகவில்லை. இதை அறியாதவர்கள் சூட்டைத் தாறுமாறாகக் கூட்டுகிறார்கள், அல்லது வெந்துவிட்டதாக எண்ணி எடுத்து, தோல் செருப்பைக் கடிப்பது போன்ற துண்டுகளைப் பரிமாறுகிறார்கள். காத்திருக்கலாம், அல்லது அலுமினியத் தாளிலோ கசாப்புக் கடைக் காகிதத்திலோ இறுகச் சுற்றி மீண்டும் வைக்கலாம். உள்சூடு 200 டிகிரியைத் (93 செல்சியஸ்) தாண்டி, குத்தும் கம்பி தடையின்றி இறங்கும்போதுதான் தசையை இணைக்கும் விறைப்பான புரதமான கொலாஜன் மென்மையான ஜெலட்டினாகக் கரைந்திருக்கும். பவுண்டுக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கை விருந்தினருக்கு உத்தேசமாகச் சொல்லலாம். இறைச்சியை எடுப்பதற்கு அதை நம்பக் கூடாது.

ஆகவே பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை மட்டும் நம்பாமல், தனியாக இரண்டு முனை கொண்ட தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்வது அவசியம்: ஒரு முனை இறைச்சிக்குள், மற்றொன்று தட்டின் அருகில். ஐஸ் நிறைந்த தண்ணீரில் அது 32 டிகிரி காட்டுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். கோழி எந்தப் பகுதியானாலும் 165 டிகிரியும் (74 செல்சியஸ்) கொத்திய இறைச்சி 160 டிகிரியும் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரை. உறைந்த கோழியை அப்படியே வைத்தால், 40 முதல் 140 டிகிரி வரையிலான, கிருமிகள் வேகமாகப் பெருகும் நிலையில் அது நெடுநேரம் கிடக்கும். முழுவதும் உருகிய பிறகே வைக்க வேண்டும். கோழித்தோல் ரப்பர் போல ஆகிறது என்ற குறைக்கும் காரணம் சூடுதான். பெரும்பாலான எலக்ட்ரிக் ஸ்மோக்கர்கள் 275 டிகிரிக்கு மேல் போவதில்லை. எனவே கடைசிச் சில நிமிடங்கள் சூடான கிரில்லிலோ ஓவனிலோ வைத்துத் தோலை மொறுமொறுப்பாக்க வேண்டும்.

வெட்டிய துண்டின் ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் வரவில்லையே என்று வருந்தவே தேவையில்லை. விறகு கொழுந்துவிட்டு எரியும்போது உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. சீவல் கனல மட்டுமே செய்யும் இந்தப் பெட்டியில் அந்த வாயு மிகக் குறைவு. வளையத்துக்குச் சுவை கிடையாது.

கதவை அடிக்கடி திறப்பதும், காற்று சுற்றாதபடி தட்டு முழுவதும் அலுமினியத் தாள் விரிப்பதும், துண்டுகளை நெருக்கி அடுக்குவதும் சூட்டைக் கெடுக்கும். சமையல் முடிந்து பெட்டி ஆறியதும் கொழுப்புத் தட்டைக் காலி செய்து கழுவ வேண்டும். அதில் தேங்கிய கொழுப்பு அடுத்த முறை தீப்பற்றக்கூடும். தண்ணீர்த் தட்டையும் அப்படியே விட்டு மூடினால் உள்ளே பூஞ்சை பிடித்துவிடும். ஹீட்டர் கம்பியின் மேல் தண்ணீர் பீய்ச்சாமல், சுவர்களைத் துணியால் துடைத்து, கதவைச் சிறிது நேரம் திறந்து உலரவிட்ட பிறகு உறையால் மூடி வைக்கலாம்.