மிருகக்காட்சிசாலை கேமில் வைரத்தை விரயம் செய்யாதீர்கள்

எங்கள் வீட்டில் இப்போது ஆளாளுக்குச் செல்போனில் மிருகக்காட்சிசாலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தால், நான் ஆரம்பத்தில் செய்த அதே கூத்துகள், அதே வரிசையில். "ராத்திரி முழுக்க ஆடாதே, கண் கெட்டுவிடும்" என்பதையெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, ஆடிப் பழகியவர்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாளே சிங்கம் வாங்குவது

சிங்கம் இருந்தால்தான் மிருகக்காட்சிசாலை என்று கையிலிருந்த காசையெல்லாம் கொட்டுவார்கள். அப்புறம் பாதை போடக்கூடக் காசு இருக்காது. முயல், ஆடு, வரிக்குதிரை என்று விலை குறைந்தவற்றில் தொடங்குங்கள். போட்ட காசு சீக்கிரம் திரும்பும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வகை கேம்கள் பலவற்றில், விலங்கின் தலைக்கு மேல் மிதக்கும் நாணயத்தைத் தட்டி எடுக்கும்வரை அது அடுத்த காசைச் சேர்க்காது. சில நிமிடத்துக்கு ஒருமுறை காசு தரும் விலங்கு, போனும் கையுமாக இருப்பவர்களுக்குத்தான் லாபம். வேலைக்குப் போகிறவர்கள் பல மணி நேரம் கழித்து மொத்தமாகத் தரும் விலங்குகளை வையுங்கள்.

வைரம் கொடுத்து நேரத்தை வாங்குவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

இந்த கேம்களில் பணம் இரண்டு வகை. காசு, விலங்குகள் சம்பாதித்துத் தருவது. வைரம் (சிலவற்றில் நட்சத்திரம்) சொட்டுச் சொட்டாகத்தான் வரும். போதவில்லை என்றால் நிஜ ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும்.

முதல் கூண்டு கட்டும்போதே பழக்கிவிடுகிறார்கள். திரை முழுக்க மங்கலாகிவிடும். "உடனே முடி" என்ற ஒரு பொத்தான் மட்டும் மின்னும், அதன் மேல் ஒரு விரல் படம் ஆடிக்கொண்டிருக்கும். வேறு எதையும் தொட முடியாது. வைரமும் அவர்களே தருவார்கள். அப்போது காத்திருக்க வேண்டியது அரை நிமிடம், விலை ஒரே ஒரு வைரம். கொஞ்ச நாளில் அது எட்டு மணி நேரமாகும், ஒரு நாளாகும். பொத்தான் அதே இடத்தில், அதே நிறத்தில்தான் இருக்கும். பக்கத்தில் உள்ள எண் மட்டும் பெருத்திருக்கும். பழகிய விரல் எண்ணைப் பார்ப்பதில்லை.

எங்கள் அத்தை பொறுத்துப் பொறுத்துச் சேர்த்த வைரம் ஒரே தட்டில் போனது. "ஏண்டா, புலிக்கூண்டு முடிய எட்டு மணி நேரமாம். யாரு காத்துக்கிட்டுக் கெடக்குறது?" என்றார். சரி, கூண்டு முடிந்தது. உள்ளே விடப் புலி வாங்கக் காசு இல்லை! படுத்து எழுந்திருந்தால் தானாக முடிந்திருக்கும் கூண்டு அது.

வைரத்தை நிலைத்து நிற்பதற்குச் செலவழியுங்கள்: இரண்டாவது கட்டுமான ஆள், கூடுதல் நிலம், வைரத்துக்கு மட்டும் கிடைக்கும் விலங்கு. அவசரப்படுத்தியே ஆக வேண்டுமென்றால், கடைசியில் தட்டுங்கள்; மீதி நேரம் குறையக் குறைய, கேட்கும் வைரமும் பெரும்பாலும் குறையும்.

வைரத்தை ரூபாய் கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டால் கதையே வேறு. புலியின் பக்கத்தில் ரூபாய் விலை எங்கும் எழுதியிருக்காது, வைர விலைதான் இருக்கும். குழந்தை கையில் போன் இருந்தால் இன்னும் மோசம். 2014 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் எடுத்த நடவடிக்கையால், கேட்காமல் குழந்தைகள் வாங்கியவற்றுக்காகப் பெற்றோருக்குக் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித்தர ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஒருமுறை பாஸ்வேர்டு போட்டால் அடுத்த 15 நிமிடம் கேட்காமலே வாங்க முடிந்தது என்பது புகார். 'டேப் பெட் ஹோட்டல்' என்ற கேமில் மட்டும் ஒரு சிறுமி 2,600 டாலர் செலவழித்திருந்தாள். 'டேப் ஸூ' என்ற மிருகக்காட்சிசாலை கேமை வெளியிட்ட பாக்கெட் ஜெம்ஸ்தான் அதையும் வெளியிட்டது.

ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில், வாங்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள்தானா என்று சரிபார்க்கும்படி வையுங்கள். '30 நிமிடத்துக்கு ஒருமுறை' என்ற தேர்வு வேண்டாம்.

கேமை அழித்தால் சந்தாவும் நிற்கும் என்று நம்புவது

நிற்காது. இலவசம் என்று ஆரம்பித்து வாராவாரம் பணம் பிடிக்கும் வி.ஐ.பி. சந்தாவை, ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதிக்குப் போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். சின்னத் தொகைக்கு ஒவ்வொரு வாரமும் ஓ.டி.பி. வருமென்று இருந்துவிடாதீர்கள், முதல் முறை ஒப்புதல் கொடுத்ததோடு சரி.

விளம்பரம் பார்ப்பது

காசு இரட்டிப்பாகுமென்றால் மட்டும் பாருங்கள்.

கேமைக் கூகுள் போன்ற கணக்கோடு இணைக்காமல் ஆடுவது

போன் போனால் யானையும் போகும்.

"உங்கள் பாண்டா பசியோடு இருக்கிறது!"

அறிவிப்பை அணைத்துவிடுங்கள். இந்த வகை கேம்களில் பெரும்பாலும் விலங்கு சாகாது. நீங்கள் வரும்வரை காசு தராமல் நிற்கும், அவ்வளவுதான்.